மண்ணுக்குள் ஒரு மில்: பெங்களூரில் பழைய ஆலையை அகழாய்வு செய்வதற்கான முழுமையான வழிகாட்டி

பெங்களூரு சிட்டி ரயில் நிலையத்திலிருந்து மாகடி சாலைப் பக்கம் போனால் பின்னிப்பேட்டை என்ற பெயர் பலகைகளில் இன்னும் இருக்கிறது. பெயர் கொடுத்த மில்தான் இல்லை. 1884இல் பெங்களூர் உல்லன், காட்டன் அண்ட் சில்க் மில்ஸ் என்று தொடங்கி, 1886இல் சென்னை பின்னி கம்பெனியின் கைக்கு வந்த ஆலை அது. மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ராஜா மில் என்று சொன்ன இடத்தில் 2010 முதல் மந்திரி ஸ்கொயர் மால் நிற்கிறது. மினர்வா மில்லின் பெயர், 1980இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் சட்டப் புத்தகங்களில் வாழ்கிறது. அந்த மில்லுக்குள் வேலை செய்தவர்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஸ்ரீராமபுரம், ஓக்கலிபுரம் தெருக்களில் தமிழ் கேட்பதற்கு இந்த ஆலைகள் ஒரு பெரிய காரணம். என் அம்மாவழிப் பாட்டியும் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் 22 வருஷம் நின்றவர். அவர் நின்ற தரை எங்காவது மண்ணுக்குள் இருக்குமா என்ற கேள்விதான் என்னைத் தொல்லியல் பக்கம் இழுத்தது.

அகழாய்வு என்றதும் நமக்குக் கீழடி நினைவுக்கு வரும். 2015இல் கீழடியில் முதலில் குழி போட்டது இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு அகழாய்வுப் பிரிவு. அதே பெங்களூரில், 100 வருஷத்துக்கு முந்தைய பாய்லர் அறைகள் ஒரு வார ஜேசிபி வேலையில் காணாமல் போகின்றன. தொழில்துறைத் தொல்லியல் என்ற சொல்லை 1955இல் மைக்கேல் ரிக்ஸ் எழுதிய கட்டுரை பரவலாக்கியது. மான்செஸ்டரில் ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் ஷூட்ஹில் ஆலையை 2005இல் தோண்டினார்கள். நம் ஊர் ஆலைகளும் அதே கவனத்துக்கு உரியவை. ஒரு ஆலை நிலம் உங்கள் கைக்குச் சில வாரங்களுக்குக் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை, நான் செய்து கற்ற வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: அனுமதி

1958ஆம் ஆண்டின் தொல்பொருள் சின்னங்கள் சட்டம், பாதுகாக்கப்படாத நிலத்தில் மாநில அரசே தொல்லியல் நோக்கத்தோடு தோண்டினாலும் மத்திய அரசின் முன் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நடைமுறையில் ஒரு பல்கலைக்கழகமோ மாநிலத் தொல்லியல் துறையோ முன்னால் நிற்க, விண்ணப்பம் இந்தியத் தொல்லியல் துறைக்குப் போகும். நண்பர்கள் நாலு பேர் மண்வெட்டியோடு போய் இறங்குகிற வேலையாக இதை நினைக்க வேண்டாம்.

இங்கிலாந்தில் 1990 முதல் கட்டுமான அனுமதியோடு தொல்லியல் ஆய்வும் சேர்ந்து வருகிறது. இங்கே சாதாரணத் தனியார் நிலத்துக்கு அப்படிப் பொதுவான கட்டாயம் கிடையாது. எனவே நில உரிமையாளரின் மனம்தான் பாதி அனுமதி. அவரிடம் போகும்போது "கட்டுமானத்தை நிறுத்த வரவில்லை, இத்தனை நாள், இத்தனை சதுர மீட்டர்" என்று எழுத்தில் கொடுங்கள். நாள் கணக்கைத் துல்லியமாகச் சொன்னவர்களுக்குத்தான் கதவு திறக்கிறது.

கிடைக்கும் பொருள்கள் யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக 100 வயதான பொருளைத்தான் தொல்பொருளாகக் கருதும். 1890இன் தீச்செங்கல் (சூடு தாங்கும் செங்கல்) அதற்குள் வரும், 1955இன் டிபன் டப்பா வராது. சட்டம் கைவிட்ட அந்த டப்பாவை ஒப்பந்தம்தான் காப்பாற்ற வேண்டும். கர்நாடகத்தின் புதையல் சட்டப்படி மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

படி 2: காகிதம்

தோண்டும் நாள் ஒன்றுக்கு ஆவணக்காப்பகத்தில் இரண்டு நாள் என்பது என் கணக்கு. பெங்களூரு ஆலைக்கு விதான சௌதா பக்கம் உள்ள கர்நாடக ஆவணக்காப்பகத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நிர்வாகம் சென்னையிலிருந்து நடந்த ஆலை என்றால் எழும்பூர் ஆவணக்காப்பகத்துக்கும் ரயில் ஏறுங்கள். சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்கள், தீக்காப்பீட்டு வரைபடங்கள், பாய்லர் பதிவேடுகள் ஆகிய மூன்றும் முக்கியம். 1923ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் சட்டம் ஒவ்வொரு பாய்லருக்கும் பதிவெண் கொடுத்தது. மண்ணிலிருந்து ஒரு பதிவெண் தகடு கிடைத்தால், அந்தப் பதிவேட்டில் அதன் வாழ்க்கையையே படிக்கலாம்.

பழைய வரைபடங்களை க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்துங்கள். மாறாத புள்ளிகள் குறைந்தது நான்கு வேண்டும். ரயில் பாதை, கோயில், பழைய சாலைச் சந்திப்பு, இன்னும் நிற்கும் புகைபோக்கி ஆகியவை நல்ல புள்ளிகள். ஏரியின் கரையை மட்டும் நம்பாதீர்கள். பெங்களூரில் ஏரிக்கரைகள் நகர்ந்துகொண்டே வந்திருக்கின்றன.

படி 3: அங்கே வேலை செய்தவர்கள்

பலர் இதைக் கடைசியில், அறிக்கைக்கு நாலு மேற்கோள் சேர்க்க மட்டும் செய்கிறார்கள். எங்கே குழி போடுவது என்று முடிவெடுப்பதற்கு முன்னாலேயே செய்ய வேண்டிய வேலை இது. காரணம் எளிது. ஆலையின் வரைபடங்களை வரைந்தவர்கள் எந்திரத்தை எங்கே வைப்பது என்பதற்காக வரைந்தார்கள். ஆள் எங்கே உட்கார்ந்தான், எங்கே சாப்பிட்டாள், சாம்பலை எங்கே கொட்டினார்கள் என்பது அவர்கள் தாளில் வரவே இல்லை.

நகரின் மேற்கில் ஒரு ஆலை நிலத்தில் வேலை செய்தபோது, பாய்லரில் நெருப்புப் போடும் ஃபயர்மேனாக இருந்த ஒரு பெரியவரை ஆட்டோவில் அழைத்து வந்தோம். வட ஆற்காட்டிலிருந்து சிறு வயதில் வந்தவர். வரைபடத்தை விரித்துக் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. புல் முளைத்த மேட்டைக் கைத்தடியால் தட்டினார்.

"இங்கதாம்மா சாம்பல் கொட்டுவோம். ராத்திரி ஷிப்டுல குளிருக்கு இது மேலதான் குந்துவோம்."

"ஐயா, வரைபடத்துல இங்க செவுரு இருக்குதே?"

"செவுரு இருந்துச்சு. அதுல ஓட்ட போட்டது நாங்கதான். சுத்திக்கினு போவ எவ்ளோ தூரம், நீயே பாரு."

தோண்டினோம். சுவர் இருந்தது. அதில் ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு உடைத்த வழியும், அதற்கு வெளியே கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கனத்தில் சாம்பலும் இருந்தன. சாம்பலுக்குள் கோலி சோடா பாட்டில்கள், பீங்கான் கோப்பைத் துண்டுகள், நசுங்கிய அலுமினியத் தூக்கு ஒன்று. அந்தத் துளையை எந்தப் பொறியாளரும் எந்தத் தாளிலும் வரைந்திருக்க மாட்டார்.

பெரியவர்களோடு நிலத்தில் நடக்கும்போது கேள்வித்தாளைத் தூக்கி வைத்துவிடுங்கள். "காலையில கேட்டுல நுழைஞ்சதும் எந்தப் பக்கம் திரும்புவீங்க?" என்று கேளுங்கள். கால் நினைவுக்குக் கொண்டுவருவதை வாய் பின்னால் சொல்லும். சங்கு எங்கே ஊதியது, டோக்கன் எங்கே மாட்டினார்கள், மழையில் எங்கே தண்ணீர் தேங்கியது, ஆயுத பூஜைக்கு எந்த எந்திரத்தின் முன் பூசணிக்காய் உடைத்தார்கள் என்று ஒவ்வொன்றையும் ஜிபிஎஸ் புள்ளியோடு குறியுங்கள். பெண்களிடம் பெண்கள் தனியாகப் பேசுங்கள். கழிப்பறை எங்கே இருந்தது, எங்கே இல்லாமல் இருந்தது என்பது அப்போதுதான் வரும்.

படி 4: உயிருக்கு ஆபத்தானவை

ஆலை மண் கீழடி மண் போன்றதல்ல. அதில் விஷம் இருக்கலாம்.

கம்பளி ஆலை என்றால் முதலில் ஆந்த்ராக்ஸ். பதப்படுத்தாத ஆட்டு உரோமத்தைப் பிரித்தவர்களுக்கு வந்த நோய் என்பதால், உரோமம் பிரிப்போர் நோய் என்றே அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கக்கூடியவை. உரோமம் பிரித்த அறை, கழுவிய தொட்டி, அவற்றின் வடிகால் ஆகிய மூன்றையும் பரிசோதனை முடிவு வரும்வரை தொடாதீர்கள். கால்நடை நோய்களை ஆராயும் மத்திய நிறுவனமான நிவேதி எலஹங்காவிலேயே இருக்கிறது. திட்டம் எழுதும்போதே அவர்களிடம் ஆலோசனை கேளுங்கள்.

அடுத்தது சாயப்பட்டறை. பின்னி என்றதும் காக்கி நினைவுக்கு வருகிறவர்கள் நம்மில் நிறைய. மினரல் காக்கி என்ற நிறம், இரும்பு, குரோமிய உப்புகளை நூலுக்குள்ளேயே படியவைத்துக் கிடைப்பது. சாயத்தொட்டிகளின் அடி மண்ணில் குரோமியம் இருக்கலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மேடையைச் சுற்றி எண்ணெய்க் கறை இருந்தால் அந்த மண்ணை வெறும் கையால் எடுக்காதீர்கள். பாய்லர் குழாய்களைச் சுற்றி வெள்ளையாக நார் போல எது தெரிந்தாலும் கல்நார் என்றே எடுத்துக்கொண்டு, நனைத்து, மூடி, அதற்கென உள்ள ஆட்களைக் கூப்பிடுங்கள். துணி முகமூடி இதற்கெல்லாம் போதாது.

1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குப் பக்கச் சாரம் கட்டாயம், அல்லது படிப்படியாக வெட்டிச் சரிவு கொடுக்க வேண்டும். புகைவழிச் சுரங்கத்துக்குள் காற்றுப் பரிசோதனைக் கருவி இல்லாமல் ஒருவரும் தலையை நீட்டக் கூடாது. நான் தலைமை தாங்கும் குழியில் இந்த ஒன்றை மீறியவர் அன்றைக்கே வீட்டுக்குப் போக வேண்டும்.

படி 5: காலமும் குழியும்

டிசம்பர் நடுவில் தொடங்கி மார்ச் இறுதியில் முடியுங்கள். ஏப்ரலில் பெங்களூரில் இடிமழை வந்துவிடும், செப்டம்பரும் அக்டோபரும் நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டிலும் 1947இல் பிரம்மகிரியிலும் காட்டிய முறை, சதுரக் குழிகளுக்கு நடுவே மண் வரப்புகளை விட்டுத் தோண்டுவது. நம் மாணவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் கற்கிறார்கள். ஆலைக்கு அது பொருந்தாது என்பது என் கருத்து. 9 மீட்டர் நீளப் பாய்லரின் அடித்தளம் ஐந்தாறு சதுரங்களில் துண்டுபட்டால் அது பாய்லர் என்றே தெரியாது. கட்டடத்தின் அளவுக்குத் திறந்த பரப்பாகத் தோண்டுங்கள். மண் அடுக்குகளைக் காட்டும் வெட்டுமுகம் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரப்பு விடுங்கள்.

நாள் குறைவு என்றால் எதற்கு முன்னுரிமை? பாய்லர் அறை, எஞ்சின் அறை, இவற்றைச் சேர்க்கும் புகைவழி, பிறகு பெரியவர்கள் காட்டிய இடங்களில் இரண்டு. நெசவுக் கொட்டகையில் ஒரு நீளக் குழி போதும்.

மேல்மண்ணை எடுக்க ஜேசிபி பயன்படுத்தலாம். வாளி பல் இல்லாததாக இருக்கட்டும். ஒரு தடவைக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் சுரண்ட வேண்டாம், பக்கத்தில் தொல்லியல் தெரிந்த ஒருவர் கண் எடுக்காமல் நிற்கட்டும். மேலே கிடக்கும் இடிபாட்டை "குப்பை" என்று எழுதிவிட்டு அள்ளாதீர்கள். ஆலை எந்த வரிசையில் இடிக்கப்பட்டது, எந்த உலோகத்தை முதலில் உருவி விற்றார்கள் என்பது அந்த அடுக்கில் இருக்கிறது. வேலை போனவர்களுக்கு அந்த அடுக்குத்தான் ஆலையின் கடைசி மாதம்.

படி 6: அடுக்குகளைப் படிப்பது

பெங்களூரில் ஒரு வசதி உண்டு. இயற்கை மண் சிவப்பு, அதற்கடியில் முரம்பு. ஆலையின் சாம்பலும் கரியும் கறுப்பு. மனிதன் கைபடாத மண்ணுக்கு வந்துவிட்டோமா என்ற சந்தேகம் இங்கே அதிகம் வராது.

ஒவ்வொரு செயலுக்கும் ஒரு எண் கொடுங்கள். அஸ்திவாரத்துக்கு வெட்டிய பள்ளம் ஒரு செயல், அதில் எழுப்பிய சுவர் ஒரு செயல், சுவரைச் சுற்றி நிரப்பிய மண் இன்னொன்று. மாணவர்கள் பள்ளத்துக்கு எண் கொடுக்க மறக்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும் பொருள் இல்லை. எட்வர்ட் ஹாரிஸ் 1973இல் உருவாக்கிய அணிவரைபடத்தில், எது எதற்கு முந்தையது என்று இந்த எண்களைக் கோடு போட்டு இணைக்க வேண்டும். அன்றன்று மாலையே வரையுங்கள். வாரக் கடைசியில் வரைந்தால் பொய் கலந்துவிடும்.

காலத்தைக் கணிக்க ஆலை மண் நிறையத் தடயம் தருகிறது. செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புச் சாந்து பழைய கட்டுமானத்தில் வரும். இந்தியாவில் போர்ட்லேண்ட் சிமெண்ட் பெரிய அளவில் 1914இல்தான் போர்பந்தரில் உற்பத்தியாகத் தொடங்கியது. அதற்கு முன்பும் கப்பலில் வந்தது என்பதால் சிமெண்டை மட்டும் பார்த்து வருஷம் சொல்லிவிடக் கூடாது, ஆனால் சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் ஒட்டு இருந்தால் எது பின்னால் வந்தது என்பது தெளிவு. மங்களூர் ஓட்டின் முதுகில் பெயர் அச்சடித்திருக்கும், பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு தன் ஓட்டு ஆலையை 1865இல் தொடங்கியது. தீச்செங்கலில் ஸ்காட்லாந்தின் கிளென்பாய்க் பெயரோ ராணிகஞ்சின் பர்ன் கம்பெனி பெயரோ இருக்கலாம். எஃகு உத்திரத்தில் டார்மன் லாங் என்று பொறித்திருக்கலாம். எழுத்துள்ள ஒவ்வொரு செங்கலையும் படமெடுங்கள். எழுத்தில்லாதவற்றை எண்ணி, நீள அகல உயரம் குறித்துவிட்டு விடலாம்.

காசு கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அது ஒரு எல்லையைத்தான் சொல்லும். விக்டோரியாவை "எம்ப்ரஸ்" என்று சொல்லும் காசு 1877க்கு முன் அங்கே விழுந்திருக்க முடியாது. "நயா பைசா" என்று பொறித்தது 1957க்கு முன் விழுந்திருக்க முடியாது. எவ்வளவு பின்னால் விழுந்தது என்பதைக் காசு சொல்லாது.

நம் ஆட்கள் கடைக்கால் போடும்போது மூலையில் காசும் நவதானியமும் வைப்பார்கள் அல்லவா? வெள்ளைக்கார கம்பெனியின் கட்டடமாக இருந்தாலும் கடைக்கால் போட்டது நம் கொத்தனார்தான். எனவே அஸ்திவார மூலைகளில் மண்ணை மொத்தமாக எடுத்து மெல்லிய சல்லடையில் சலியுங்கள். ஐரோப்பிய வழிகாட்டி நூல்களில் இந்த வரி இருக்காது.

படி 7: பாய்லர் அறை

முழு அகழாய்விலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. பாய்லரே போய்விட்டிருக்கும், பழைய இரும்புக்கு விற்றிருப்பார்கள். அது படுத்திருந்த செங்கல் தொட்டில் மண்ணுக்குள் இருக்கும்.

பஞ்சாலைகளில் பரவலாக இருந்தது லங்காஷயர் பாய்லர். வில்லியம் ஃபேர்பேர்னும் ஜான் ஹெதரிங்டனும் 1844இல் காப்புரிமை பெற்றது. கிடையாகப் படுத்த பெரிய உருளை, உள்ளே இரண்டு நெருப்புக் குழாய்கள். நெருப்பின் பாதை தெரிந்தால்தான் தோண்டும்போது எதைப் பார்க்கிறோம் என்று புரியும். முன்பக்கத்தில் விறகோ கரியோ போடுவார்கள். வெப்பக் காற்று உள் குழாய்கள் வழியே பின்பக்கம் போகும். அங்கே கீழே இறங்கி, உருளையின் வயிற்றுக்கு அடியில் முன்னால் திரும்பி வரும். முன்னால் இரண்டாகப் பிரிந்து, இரு பக்கச் சந்துகள் வழியே மறுபடி பின்னால் போய், பெருஞ்சுரங்கத்தில் சேர்ந்து புகைபோக்கிக்குப் போகும். ஒரே வெப்பத்தை உருளையோடு மூன்று முறை நடத்தி வேலை வாங்கினார்கள்.

ஆகவே தரையில் உங்களுக்குத் தெரியப்போவது மூன்று இணையான செங்கல் வாய்க்கால்கள்: நடுவில் அகலமாக ஒன்று, இரு பக்கமும் குறுகலாக இரண்டு. வாய்க்கால்களின் உள்முகத்தில் தீச்செங்கல், வெளிமுகத்தில் சாதாரணச் செங்கல். மூன்றும் சேரும் இடத்தைக் கண்டுபிடித்தால் புகைபோக்கியின் திசை கிடைத்துவிடும். பெருஞ்சுரங்கத்துக்கும் புகைபோக்கிக்கும் நடுவே நீள்சதுர அறை ஒன்று குறுக்கிட்டால் அது எகனாமைசராக இருக்கலாம். வெளியேறும் புகையின் சூட்டிலேயே பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்க, வேக்ஃபீல்டின் எட்வர்ட் கிரீன் 1845இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது.

வாய்க்கால் கரியை "கரி" என்று ஒரே சொல்லில் எழுதிவிடாதீர்கள். அடியிலிருந்து மேல்வரை ஒவ்வொரு 5 சென்டிமீட்டருக்கும் தனித்தனி மாதிரி எடுங்கள். பெங்களூருக்குப் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. இந்த ஆலை எந்தக் காலத்தில் விறகில் ஓடியது, எந்தக் காலத்தில் நிலக்கரியில் ஓடியது? விறகுக்கரியை நுண்ணோக்கியில் வைத்தால் எந்த மரம் என்றே சொல்ல முடியும். ஒரு ஆலைக்காக எந்தக் காடு எரிந்தது என்ற கேள்விக்கான விடை, ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் உங்கள் கையில் இருக்கிறது.

முன்பக்கம், நெருப்புப் போடுகிறவர் நின்ற தரையையும் கவனியுங்கள். அந்த இடத்தில் செங்கல் நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். தேய்மானத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வரையுங்கள். நாங்கள் அளந்த தரையில் இரண்டு குழிவுகள் இருந்தன, ஒன்று மற்றதைவிட ஆழம். ஃபயர்மேன் ஐயா வந்து பார்த்துவிட்டு, இடது காலைக் குழிவில் வைத்து, கைத்தடியை மண்வெட்டிபோல வீசிக் காட்டினார். பாரம் முழுக்க அந்தக் காலில்தான் விழுந்தது.

படி 8: எஞ்சின் அறையும் மின்சாரமும்

எஞ்சின் உட்கார்ந்த கல்மேடையில் போல்ட்டுகளின் துளைகள் இருக்கும். துளைகளின் இடைவெளியை அளந்தால் எஞ்சினின் நீளம், சிலிண்டர்களின் எண்ணிக்கை, எந்த வகை என்பதெல்லாம் தயாரிப்பாளர் அட்டவணையோடு ஒப்பிடக் கிடைக்கும். பக்கத்தில் ஒடுங்கிய ஆழமான குழி, பெரும் சக்கரம் சுழன்ற இடம். அதன் அகலம், சக்கரத்தின் விளிம்பில் விசை கடத்தும் கயிறுகள் எத்தனை ஓடியிருக்கலாம் என்பதற்குக் கணக்கு தரும்.

நீராவியைக் குளிரவைக்க நிறையத் தண்ணீர் வேண்டும். எனவே ஏரிப் பக்கம் போகும் குழாய்ப் பாதையைத் தேடுங்கள். ஹெசரகட்டா ஏரியிலிருந்து தண்ணீர் ஊருக்கு வந்ததே 1896இல்தான்.

இந்த அறையில் கேட்க வேண்டிய பெரிய கேள்வி ஒன்று. சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இல் கோலார் தங்கவயலுக்கும், 1905இல் பெங்களூருக்கும் மின்சாரம் வந்தது. உங்கள் ஆலை எப்போது மாறியது? கல்மேடையின் பழைய துளைகளைச் சிமெண்டால் அடைத்து, மேலே சிறிய போல்ட்டுகள் அடித்திருந்தால் மோட்டார் வந்திருக்கிறது. சக்கரக் குழியில் எதைக் கொட்டி நிரப்பினார்கள் என்று பாருங்கள். அதன் அடியில் கிடக்கும் கடைசிப் பொருள், நீராவி நின்ற நாளுக்கு மிக அருகில் விழுந்தது. அந்த நிரப்பு மண்ணை ஒரு கூடைகூட விடாமல் சலியுங்கள்.

படி 9: கொட்டகைகள்

நூற்புப் பிரிவில் நீளமான ரிங் ஃப்ரேம்களின் பாதத் தடம் வரிசையாக வரும். நெசவு பெரும்பாலும் தரைத்தளத்தில், ஏனென்றால் தறியின் அதிர்வை மாடி தாங்காது. ரம்பப் பல் கூரை வடக்குப் பார்த்திருக்கும், நேர் வெயில் விழாமல் வெளிச்சம் மட்டும் வரட்டும் என்று. அந்தக் கூரையின் மழைநீரை, உள்ளே வெற்றான வார்ப்பிரும்புத் தூண்களே கீழே இறக்கிய கட்டடங்களும் உண்டு. தூணின் அடியைத் தோண்டினால் வடிகால் கிடைக்கலாம். வடிகால் வண்டலில் பஞ்சுத் துகள், நூல், நூல் சுற்றும் பாபினின் துண்டு, சில சமயம் வளையல் துண்டு.

படி 10: ஆட்கள் இருந்த இடம்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் உள்ள ஆலையில் உணவகம் கேட்டது. 50 பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பிடமும் கேட்டது, பிறகு அந்த எண்ணை 30 ஆகக் குறைத்தார்கள். இந்தச் சட்டம் உங்களுக்கு ஒரு சோதனைக் கருவி. காகிதத்தில் காப்பிடம் இருக்கும். மண்ணில் அதன் தரை இருக்கிறதா, எவ்வளவு அகலம், பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வந்ததா, எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தார்கள்? என் பாட்டி அம்மாவைத் தறிக்குப் பக்கத்தில் பஞ்சு மூட்டையில் படுக்கவைத்ததாகச் சொல்வார். அதனால் இந்த அறையைத் தோண்டும்போது நான் மட்டும் கொத்துக்கரண்டியை வேறு யாரிடமும் கொடுப்பதில்லை.

உணவகக் குப்பையிலும் கழிவுக் குழியிலும் 10 லிட்டர் மண் மாதிரிகள் எடுத்துத் தண்ணீரில் கரைத்து மிதக்கவிடுங்கள். கருகிய ராகியும் அரிசியும் மேலே வரும். எது அதிகம் என்பதும், எந்தக் காலத்தில் மாறியது என்பதும் பக்கம் பக்கமாக எழுத வேண்டிய விஷயம்.

சுவரில் மாடம் இருந்து அதில் குங்குமக் கறையோ எண்ணெய்ப் பிசுக்கோ தெரிந்தால் கழுவாதீர்கள். சுவர்க் காரையில் கீறிய பெயர்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில், விடியலில் படமெடுங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என எல்லா எழுத்தும் வரும். படிக்கத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 11: பொருள்களும் பதிவும்

பானையோடு, கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றைக் கழுவலாம். இரும்பு, தோல், துணி, மரம் எதையும் கழுவக் கூடாது. இரும்பைச் சிலிக்கா ஜெல் போட்டு உலரவைத்த டப்பாவில் மூடுங்கள். ஈரத்தில் கிடைத்த மரப் பாபினை ஈரத்திலேயே வையுங்கள், காய்ந்தால் வெடிக்கும். செம்பு, பித்தளைத் துருவில் ஒட்டியிருக்கும் துணியைப் பிரிக்காதீர்கள், அந்தத் துருதான் நூலைக் காப்பாற்றியிருக்கிறது. ஒவ்வொரு பைக்கும் இரண்டு சீட்டு, உள்ளே ஒன்று வெளியே ஒன்று, பென்சிலில் எழுதியது.

படங்களை ஒன்றோடொன்று 70 சதவீதமாவது மேற்பொருந்தும்படி எடுத்தால் கணினியில் முப்பரிமாண மாதிரி கட்டலாம். அதற்காகக் கையால் வரைவதை விட்டுவிடாதீர்கள். வரையும்போதுதான் கண் ஒவ்வொரு செங்கலிலும் நிற்கிறது.

அறிக்கையைத் தமிழிலும் கன்னடத்திலும் சுருக்கி அச்சடித்து, நிலத்தில் நடந்து வந்து இடம் காட்டிய ஒவ்வொருவருக்கும் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். முழுப் பதிவேடுகளை ஒரு பிரதி பல்கலைக்கழகத்திலும் ஒரு பிரதி மாநிலத் தொல்லியல் துறையிலும் வையுங்கள்.

படி 12: மூடுவது

தோண்டியதைத் திறந்துபோட்டுவிட்டு வரக் கூடாது. மழை பட்டால் பழைய சுண்ணாம்புச் சாந்து அரிக்கத் தொடங்கிவிடும். செங்கல் கட்டுமானத்தின் மேல் நீர் கசியும் ஜியோடெக்ஸ்டைல் துணியை விரித்து, அதன் மேல் ஒரு சாண் ஆற்றுமணல், அதன் மேல் தோண்டிய மண். கட்டட வரைஞரிடம் பேசி, அடித்தூண்களைப் புகைவழியின் மேல் இறக்காமல் இரண்டு மீட்டர் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். ஒரு இடத்தில் தள்ளிப்போட்டார்கள்.

மணலைக் கொட்டுவதற்கு முன், துணியின் மேல் அந்த வருஷத்துக் காசுகள் நாலைந்தை வெவ்வேறு மூலையில் வையுங்கள். 100 வருஷம் கழித்து வேறொருவர் தோண்டும்போது, எந்த மண் ஆலையுடையது, எது நாம் போட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். எங்கள் குழியில் ஃபயர்மேன் ஐயாவைத்தான் வைக்கச் சொன்னோம். இரண்டு ரூபாய்க் காசை வேட்டியில் துடைத்து, தேய்ந்த செங்கல்லின் மேல் விரித்திருந்த துணியில், தன் இடது கால் நின்ற இடத்தில் வைத்தார்.